வீட்டுக்கு எட்டு வரிசை

25.6.1988, சனி

இன்று ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் வாய் திறக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இவருக்குத் தலைவலி. அதனால் கத்தரிக்காய் மூட்டையோடு முதல் பஸ்ஸில் நானே ராஜபாளையம் போனேன். தனுஷ்கோடி அண்ணாச்சியின் காய்கறிக் கடையில் மூட்டையை இறக்கி வாயைப் பிரித்ததும், மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். அவள் தலைமுடியில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"உங்க தோட்டத்துக் காயாக்கா? எம்பிள்ளைக்கு இப்பத்தான் பல்லு மொளைக்கி. பருப்போட மசிச்சுக் குடுக்கலாம்ல?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வத்திராயிருப்புக் காயிம்மா. கண்ண மூடிக்கிட்டுக் குடு."

அவள் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனாள். நான் சாக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அந்த மூட்டைக் காயில் ஒன்றைக்கூட அவளுக்கு நாங்கள் கொடுத்ததில்லை. அதைத்தான் சொல்லவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "நாளைக்கு வாரோம்னு உங்க மாமாட்ட சொல்லீரும்மா. பொண்ணப் பாத்துருவோம்."

26.6.1988, ஞாயிறு

வந்தார்கள். அண்ணாச்சி, அவர் மனைவி பாலம்மாள், மகன் காளிராஜ். என் நாத்தனார் சண்முகத்தாய்க்கு இருபது வயது. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே தோழி அவள்தான். காளிராஜ் அவளை ஒருமுறை பார்த்தான். மற்ற நேரமெல்லாம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காபி மட்டும் குடித்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் பேச்சு மாறக்கூடாது. "ஆடி கழியட்டும். ஆவணியில வந்து கை நனைச்சுருவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் அண்ணாச்சி. மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அவர்கள் போனதும் சண்முகத்தாய் அடுப்படிக்கு வந்து என் தோளில் இடித்தாள்.

"மதினி, அவிய காதப் பாத்தீங்களா? ரெண்டும் காத்தாடி மாதிரி விரிஞ்சு நிக்கி."

"அப்ப வேண்டாம்னு சொல்லீருவோமா?"

"காதத்தான சொன்னேன்."

2.7.1988

எட்டு வரிசையைப் பற்றி எழுத வேண்டும்.

எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர், மலையடிவாரத்தில். ஒரு ஏக்கர் நெல், வரப்போரம் தென்னை, கொஞ்சம் மா. மீதியில் கத்தரி. கிணற்றை ஒட்டிய எட்டு வரிசைக் கத்தரிக்கு மருந்து அடிப்பதில்லை. அது வீட்டுக்கு. வாய்க்காலைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் முழுவதும் கடைக்கு. அதற்கு வாரம் ஒருமுறை மருந்து. மழை மூட்டமாக இருந்தால் இரண்டு முறை. யாரும் சட்டம் போடவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோதே இப்படித்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் இப்படித்தான். வீட்டுக்கு நாலு வரிசை, ஆறு வரிசை என்று எண்ணிக்கைதான் மாறும்.

முதல் வருடம் மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஓட்ட விழுந்த காய எவன் வாங்குவான் தாயீ? அவங்களுக்குப் பளபளன்னு வேணும். நமக்கு நல்லதா வேணும். ரெண்டும் ஒரே செடியில காய்க்குமா?"

மாமா கெட்டவர் இல்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவர் மொக்கைச்சாமிதான் என்று ஊரே சொல்லும். அதனால்தான் இது எனக்கு இன்னும் புரியவில்லை. நல்ல மனிதர்கள் ஒரு வாய்க்காலை நடுவில் விட்டு இரண்டு விதமாக எப்படி வாழ்கிறோம்? நான் உட்பட.

10.7.1988

என் சமையலில் எனக்குப் பெருமை உண்டு. இங்கே அடக்கமாக எழுத வேண்டிய அவசியம் இல்லை.

காலையில் கம்பங்கூழ், மோர், சின்ன வெங்காயம். மதியம் கைக்குத்தல் அரிசி. வாரத்தில் இரண்டு நாள் குதிரைவாலிச் சோறு. தினம் ஒரு கீரை. செக்கு எண்ணெய். சர்க்கரை வீட்டுக்குள் வருவதில்லை, கருப்பட்டிதான். என் மகள் சந்தனம் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பிறந்தபோது பூனைக்குட்டி மாதிரி இருந்தவள் இப்போது கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுக்கிறாள்.

முதலில் இதை எல்லாம் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு. "படிச்ச பிள்ள வந்து பழைய சோத்த மறுபடியும் கொண்டாந்துட்டா" என்பார். இப்போது கம்பு தீர்ந்துவிட்டால் முதலில் கத்துவது அவர்தான்.

நன்றாகச் சாப்பிடும் வீடு. சந்தேகமே இல்லை. வெளியே எதை அனுப்புகிறோம் என்று கேட்காதவரை.

19.7.1988

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் புத்தகம் மாற்றப் போனேன். பழைய விவசாயத் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது பற்றி நான்கு பக்கம். நோட்டில் எழுதிக்கொண்டேன். இவரிடம் காட்டினேன். "படிக்க நல்லாருக்கு" என்றார்.

5.8.1988

இவர் இன்று மருந்து அடித்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை, மூக்கில் ஒரு துண்டு மட்டும். காற்று மாறியபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. சாயங்காலம் வாந்தி. "வெயிலு" என்றார். போன வாரமும் வெயில்தான். அதற்கு முந்தின வாரம் பித்தம்.

அவருடைய வேட்டியைத் தனியாகத் துவைக்கிறேன். துவைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கிறேன். வேப்பங்கொட்டை பற்றி மறுபடி பேசினேன்.

"கல்யாணம் முடியட்டும் அழகு. இப்ப போயி காயில ஓட்ட விழுந்துச்சுன்னா அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்ல? சம்மந்தம் பேசுற நேரம்."

அது நியாயம்தான். காத்திருக்கிறேன். மாரிச்சாமி என்று ஒருவரைக் கட்டிக்கொண்டு அவர் உடம்போடு நான் பந்தயம் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் தோன்றுகிறது.

20.8.1988, சனி

நாளை கை நனைக்க வருகிறார்கள். அத்தையும் சண்முகத்தாயும் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பூவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு விளக்கு வைக்கத்தான் திரும்பினார்கள். நான் உளுந்து ஊறப்போட்டேன். மாமா வாசலை இரண்டு முறை கூட்டினார். நாளை வேலை ஓடாது என்று இவர் சாயங்காலமே கிழக்குப் பக்கத்துக்கு மருந்து அடித்து முடித்தார். செவ்வாய்க்கிழமை பறிப்பு.

சண்முகத்தாய் புதுச் சேலையை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து... "ஏட்டி, அது கிழிஞ்சிரும்" என்றேன். "கிழியட்டும், நாளைக்கு மட்டும் நின்னா போதும்" என்றாள்.

21.8.1988, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கல்யாணம் நின்றுவிட்டது. இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

23.8.1988, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு விடியும் முன்பே சண்முகத்தாய் எழுந்து கூடையோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். குழம்புக்கான காயைத் தன் கையால் பறிக்க வேண்டும் என்று ஆசை. கிணற்றடி எட்டு வரிசையில் முற்றலும் ஓட்டையுமாக இருந்திருக்கிறது. வருவது காய்கறிக் கடைக்காரர். காயைப் பார்த்த கண்ணிலேயே வீட்டை எடைபோடுகிறவர். புழு விழுந்த காயை அவர் இலையில் எப்படி வைப்பது? வாய்க்காலைத் தாண்டிவிட்டாள். முந்தின நாள் மருந்து அடித்தது அவளுக்குத் தெரியாது. அவள் பூ வாங்கப் போயிருந்தாள். சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுச் சமையலுக்கு அந்தப் பக்கம் யார் போவார்கள்?

நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். அத்தை குழம்பு வைத்தார். ஆண்களுக்கு முன்கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அண்ணாச்சி, காளிராஜ், அவர்கள் சொந்தக்காரர் இரண்டு பேர். முதலில் சோறு, பருப்பு, நெய் பரிமாறிவிட்டு, குழம்பு எடுக்க அடுப்படிக்கு வந்தேன். மூலையில் கூடை. மீதிக் காய் நாலைந்து கிடந்தது. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. ஒரு காயின் காம்படியில் மருந்து காய்ந்த வெள்ளைப் பொட்டு. மூக்குக்குக் கொண்டுபோனேன். அந்த வாடை எனக்குத் தெரியும். அதைத்தான் வாராவாரம் வேட்டியில் துவைக்கிறேன்.

"ஏட்டி, எந்தப் பக்கம் பறிச்ச?"

"கெழக்கத்தான் மதினி. கிணத்தடியில எல்லாம் பூச்சி." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அண்ணன் அடிச்சுட்டாகளா?"

"நேத்து சாயங்காலம்."

அத்தை அடுப்பு முன்னாலிருந்து திரும்பினார்.  பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார்: "கொதிச்ச கொதியில எல்லாம் போயிருக்கும். நீ கொண்டு போயி ஊத்து. நாம ரசத்தோட நிறுத்திக்கிடுவோம்."

அத்தை சீனியம்மாளை நான் குறைசொல்ல எழுதவில்லை. அவர் அந்த நேரத்தில் மகளுடைய கல்யாணத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் தோட்டம் முழுவதும் இருந்தது.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். கீழே போட்டுவிடலாம் என்று தோன்றியது. கை வழுக்கியது என்று சொன்னால் யாருக்கும் பாதகமில்லை. தயிரை ஊற்றிப் பந்தியை முடித்திருக்கலாம். இரண்டு எட்டு வைக்கும்வரை அதுதான் என் முடிவு. அப்போது மாமா இலைக்கு முன்னால் குனிந்து, "எல்லாம் நம்ம தோட்டத்துக் காய் அண்ணாச்சி. பயமில்லாம சாப்பிடுங்க" என்றார். ராஜபாளையம் கடையில் சாக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நான் நின்றது ஞாபகம் வந்தது. பாத்திரம் கையிலேயே இருந்தது.

"மாமா, இந்தக் குழம்ப ஊத்த வேண்டாம். தெரியாம கெழக்குப் பக்கத்துக் காயப் பறிச்சுட்டோம். நேத்துதான் மருந்து அடிச்சது."

 அண்ணாச்சி பருப்புச் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. வியாபாரி.

"மொக்கைச்சாமி, எனக்கு மூட்டையில வாரது எந்தப் பக்கத்துக் காயி?"

மாமா பொய் சொல்லியிருக்கலாம். "கெழக்கு" என்றார்.

"நீங்க திங்கிறது?"

மாமா கிணற்றடியைக் கையால் காட்டினார்.

"பதினோரு வருசம்யா. அம்புட்டுக் காயும் என் கையால நிறுத்து வித்தது. எங்க வீட்டுலயும் அதத்தான்யா திங்கிறோம்! எம்பேரன் பேத்தி எல்லாம்..." பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். மற்ற இருவரும் எழுந்தார்கள். உள்ளே பெண்கள் பந்திக்குக் காத்திருந்த பாலம்மாள் வந்து செருப்பை மாட்டினார். காளிராஜ் கடைசியாக எழுந்தான். மூன்றரை மணி பஸ்ஸுக்கு ஒன்றரை மணிக்கே போய் நின்றார்கள்.

நான் சொன்னது அவர்களுக்காகவா, எனக்காகவா? இரண்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். மறுபடி அதே பாத்திரம் கையில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சண்முகத்தாயை முதலில் வெளியே அழைத்துப்போய், ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிட்டுச் சொல்லியிருப்பேன். அது என் தவறு.

25.8.1988

சண்முகத்தாய் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குடத்தை நான் தூக்கிவிடப் போனால் இறக்கி வைத்துவிடுகிறாள்.

அத்தை ஊரெல்லாம் கேட்கும்படி பேசுகிறார். "நாலு புஸ்தகம் படிச்சவ. எம்மகளுக்கு நாலு காசு நகை சேக்க எனக்கு எட்டு வருசம் ஆச்சு. இவளுக்கு ஒரு நிமிசம் ஆச்சு, எல்லாத்தையும் கவுத்த."  சந்தனம் மட்டும், "ஆச்சி, எத கவுத்தாக?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் திரிகிறாள்.

28.8.1988

மாமா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே நமக்குன்னு தனி வரிசை கெடையாது. எட்டு வரிசைக்கும் சேத்து மருந்தடி மாரி. கடைக்குப் போற காயத்தான் நாமளும் திங்கணும். நீ வேற திங்கிறியாலேன்னு எவனும் என்னையக் கேக்கப்பிடாது."

நான் எதிர்பார்த்தது இது இல்லை. வெட்கப்பட்டு மருந்தை விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் தராசை நேராக்கினார். தட்டில் என் மகள் இருக்கிறாள்.

அத்தை "கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் நான் சண்டை போடுவேன் என்று காத்திருந்தார்கள்.

"சரி மாமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாமா சொன்னதில் தப்பு எங்கே? நான் கடையில் சொல்லாமல் விட்டதைத்தான் அவர் வீட்டில் சொல்கிறார். மருந்து ஊற்றப்போவது இவர் கை. அதை நான் நம்புகிறேன். பார்ப்போம்.

2.9.1988, வெள்ளி

இவர் காலையில் மருந்து டேங்க்கைக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கிணற்றடியில் வைத்தார். புட்டியைத் திறந்து மூடியில் ஊற்றினார். நான் துவைகல்லில் இருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று துவைத்துக்கொண்டே இருந்தேன்.

பம்பு அடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அழகு."

"ம்."

"சந்தனம் திங்கிறதுக்குன்னா எத்தன மூடி ஊத்தணும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் மூடியையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஊற்றியதைத் திரும்பப் புட்டிக்குள் விட்டார். கொஞ்சம் சிந்தியது. சிந்திய இடத்து மண்ணை மண்வெட்டியால் சுரண்டி எடுத்து, வேலிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு வந்து, "அந்த வேப்பங்கொட்டை எழுதின நோட்டு எங்க இருக்கு?" என்றார்.

மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.  மதியம் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

18.9.1988

புழு ஜெயித்துக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் புழு துளைத்து வாடின நுனிகளைக் கிள்ளிச் சருவச் சட்டியில் போட்டுப் புதைக்கிறோம். வேப்பங்கொட்டைக் கரைசல் வாரம் இருமுறை. என் உள்ளங்கை இரண்டு நாளாகக் கசக்கிறது; சந்தனம் கையால் ஊட்டவிடமாட்டேன் என்கிறாள். பறித்த காயில் பாதிக்குப் பாதி ஓட்டை. ரொம்பச் சொத்தை மாட்டுக்கு.

அண்ணாச்சி கடைக்கு மூட்டை அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை. அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு வத்திராயிருப்புச் சந்தையில் போய் உட்கார்ந்தார். கோபத்தில்தான் போனார், நாலு பேர் திட்டினால் எனக்குப் புத்தி வரும் என்று. ஒருத்தி காயைப் பிளந்து, "என்ன சீனியம்மா, புழு நெளியுது?" என்று கேட்டிருக்கிறாள்.

"புழுவே உசுரோட இருக்கு. நீ இருக்க மாட்டியா?"

அதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். கூடை காலி. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை, மாட்டிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படி.

4.10.1988

மாறாத ஒரே விஷயம் சண்முகத்தாயின் மௌனம். நுனி கிள்ள வருகிறாள். என் வரிசைக்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறாள். பேச்சு இல்லை. இன்று ஆலங்குளத்திலிருந்து, சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஜாதகம் கேட்டு வந்தார்கள். மாமா கொடுத்தார். அவள் கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

வீடு திருந்தியதற்கு அவள்தான் விலை கொடுத்தாள். இதை நான் மறக்கக் கூடாது.

16.10.1988, ஞாயிறு

காளிராஜ் வந்தான். தனியாக, பத்து மணி பஸ்ஸில், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. மாமா எழுந்து நின்றுவிட்டார். அவனை உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்.

"எங்கய்யாவுக்கு நான் வந்தது தெரியாது. பொறவு சொல்லிக்கிடுதேன்." உட்கார்ந்து பழையபடி முழங்காலைப் பார்த்தான். "மாமா, அன்னைக்கு எங்கய்யா பிசைஞ்ச சோத்த வாயில வைக்காம எந்திரிச்சாரு. மத்தவிய ரெண்டு பேரும் அப்படித்தான். நான் நாலு வாய் தின்னுட்டேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. "பருப்புச் சோறுதான தம்பி. அதுல ஒண்ணும் இல்லயே. உடம்புக்கு எதுவும்..."

"உடம்புக்கு இல்ல மாமா. கை நனஞ்சு போச்சு."

கதவுக்குப் பின்னால் செம்பு ஒன்று விழுந்து உருண்டது.

"ரெண்டு மாசமாச் சொல்லுதேன், எங்கய்யா கேக்க மாட்டேங்காரு. கை நனைச்சா பேச்சு மாறக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நாயம் சொல்லுதவரு அவருதான். நான் மாற மாட்டேன். வேற எடத்துல பேசிட்டீங்களா?"

மாமா தொண்டையைச் செருமினார். "ஜாதகம்தான் போயிருக்கு."

"திருப்பி வாங்கிருங்க."

மதியம் இலை போட்டோம். சோற்றில் கை வைக்கும் முன் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டான். கேலியா, பயமா தெரியவில்லை. "இப்ப பக்கமே கெடையாது" என்றேன். இரண்டு முறை குழம்பு வாங்கினான். ஒரு புழுவை இலையோரம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

17.10.1988

காலையில் நுனி கிள்ளும்போது அடுத்த வரிசையிலிருந்து: "மதினி, அவிய காது கொஞ்சம் சின்னதாயிருச்சோ?"

 குனிந்தே நின்றேன். அவளே வரிசை தாண்டி வந்தாள்.

9.2.1989, வியாழன்

கல்யாணம் நடந்தது. மகன் பிடிவாதத்துக்கு இறங்கிவந்த அண்ணாச்சி, மாமாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தாலி கட்டும்போது கூட்டத்துக்குள் இவர் நிற்க இடம் விட்டு நகர்ந்தார். எனக்கு இன்றைக்கு இது போதும்.

7.5.1989

இதை எழுத அருவருப்பாக இருக்கிறது. ஆனால் எழுத வேண்டும்.

ஞாயிறுதோறும் ராஜபாளையத்துக்கு ஒரு பை கத்தரிக்காய் அனுப்புகிறோம். சம்பந்தி வீட்டுச் சமையலுக்கு. பாலம்மாள் விரும்பிக் கேட்கிறார். ஓட்டை விழுந்தது இருந்தாலும் பரவாயில்லை என்கிறார். இன்று பையோடு நானே போனேன். கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கடையில் வேறு ஊரிலிருந்து வந்த காய், பளபளவென்று, ஒரு ஓட்டை இல்லாமல்.

எங்களைப் பார்த்துப் "பதினோரு வருசம்யா" என்றவர், எடை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை வாய் திறந்தேன். "அண்ணாச்சி, இது எந்தப் பக்கத்துக் காய்?" அவர் நிறுவையை நிறுத்தவில்லை. "வியாபாரம்மா. உனக்குப் புரியாது" என்றார். புரிகிறது, நன்றாகவே புரிகிறது. சண்முகத்தாய் காபி போட்டுக்கொண்டே, கடையை ஒட்டிய அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் யோசித்தேன். பையை நிறுத்திவிடலாமா? அங்கே சாப்பிடுகிறவள் அவளும்தான். ஆறேழு மாதத்தில் பிள்ளை வரப்போகிறது.

28.5.1989

பையை நிறுத்தவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அன்னைக்கு இலைக்கு முன்னால நான் பட்டத அவரும் ஒரு நாள் படணும்" என்றார்.

18.6.1989, ஞாயிறு

போன ஞாயிறு அனுப்பிய பையைச் சண்முகத்தாய் அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் பளபளப்புக் காய்க்குப் பக்கத்தில் தனியாகக் கொட்டி, வந்தவர்களிடமெல்லாம் இது மருந்தடிக்காத காய், புழு இருக்கும், நறுக்கிப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருப்பது மருந்தடித்தது என்றும் சொல்லியிருக்கிறாள். காளிராஜ் தராசைப் பிடித்திருக்கிறான். பத்தரை மணிக்குப் பை காலி. வீட்டில் அன்று காய் இல்லை. அண்ணாச்சி நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

நேற்று மாலை அண்ணாச்சியே பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பை போதாதாம், கடைக்கு மூட்டையாக வேண்டுமாம். இன்று காலை முதல் பஸ்ஸில் இரண்டு மூட்டை ஏற்றினோம்.